நெறி கட்டாத இடம்

முதலில் தொலைந்தது லிந்துலை.
ஹட்டன், கொட்டகலை, சென்கிளேயர், தலவாக்கலை,
அதற்கப்புறம் வாய் திறந்தபடி
மிதிபலகையில் நின்றாராம்.
பத்தொன்பது வருஷம் ஒரே வழி.
லிந்துலைக்காரர்கள் தாங்களே மணி அடித்து
சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

அடுத்த வாரம் மீதிக்காசு.
இருபது கொடுக்கும் இடத்தில் இருநூறு.
டிரைவர் சமிந்த வீட்டுக்கு வந்து
"குடியா அக்கா?" என்றான், செருப்பைக் கழற்றாமல்.
குடியில்லை.
இடது கை கம்பியைத் தேடுகிறது,
கம்பி அங்கேதான் இருக்கிறது.

நுவரெலியாவில் ஊசி போட்டார்கள், வீக்கம் வற்ற.
நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து
ரொட்டியும் கட்டச்சம்பலும் கேட்டார்.
கண்டியில் மறுபடி ஸ்கேன்:
முன்பு வெள்ளையாய் இருந்த மூன்று இடமும்
காணவில்லை.
வராந்தாவில் நின்றே தங்கச்சிக்குப் போன் போட்டேன்.
அவள் அன்றைக்கே தேங்காய் உடைத்தாள்.

டொக்டர் சந்தமாலி மட்டும் சிரிக்கவில்லை.
தெரிந்த தமிழைக் கூட்டிப் பொறுக்கி
"போகல. ஒளிஞ்சிருக்கு" என்றார்.
ஊசி அதை உருக்கிவிட்டது, கொல்லவில்லை.
துண்டு எடுத்துப் பார்க்காமல் பெயரில்லை,
பெயரில்லாமல் மருந்தில்லை.
ஊசியை நிறுத்துவோம்,
அது திரும்பி வரட்டும்.

திரும்பி வரட்டும்.
இந்த வேண்டுதலை எந்தச் சாமியிடம் வைப்பது?
தேங்காய் ஏற்கெனவே உடைத்தாயிற்று.

தினமும் காலையில் பிளேன்டீ கொடுத்து
ஹோல்ட் சொல்லச் சொல்வேன்.
இருபத்திரண்டாம் நாள் ராதல்ல விழுந்தது.
அழுதேன். கூடவே, சொல்லக் கூசுகிறது,
ஒரு நிம்மதி.

மண்டையில் சின்னத் துளை.
பெயர் வந்தது: லிம்போமா.
நெறியில் வருகிற புற்று என்றார் நேர்ஸ்.
நெறி எனக்குத் தெரியும்.
காலில் அட்டைக்கடி புண்ணானால் தொடையிடுக்கில் கட்டும்,
உப்பு ஒத்தடத்துக்கு வடியும்.
"மூளைக்குள் நெறி ஏது டொக்டர்?"
"இல்லைதான்" என்றார்.
கழுத்து, அக்குள், வயிறு எல்லாம் தேடிப் பார்த்தாயிற்று,
எங்கேயும் ஒன்றுமில்லை.
நோய் வராமல் காவல் சுற்றும் அணுவில் ஒன்று
அங்கே போய்த் தங்கி, கெட்டுப் பெருகியிருக்கிறது.
ஏன் இவருக்கு என்று கேட்டேன்.
அவருக்கும் தெரியவில்லை.
தெரியாது என்று அவர் சொன்னது
எனக்குப் பிடித்திருந்தது.

மருந்து மஞ்சளாய் இறங்கியது.
மூளைக்கு ஒரு வாசல் இருக்கிறதாம்,
லேசில் யாரையும் உள்ளே விடாதாம்,
அதனால்தான் இந்தப் பெரிய அளவாம்.
இதை அவரே எனக்கு விளக்கினார்:
"நூறு பேர் மிதிபலகையில் தொங்கினா
நாலு பேர் உள்ள ஏறுவாங்க, விளங்குதா?"
ஏறாத தொண்ணூற்றாறும் உடம்பெல்லாம் சுற்றி
வாயைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.
மறுநாளே அதை முறிக்க இன்னொரு மருந்து.
தண்ணீர், தண்ணீர், தண்ணீர்.
போத்தலில் பிடித்து, அளந்து, எழுத வேண்டும்.
"இன்னிக்கு கலெக்‌ஷன் எவ்வளவு?" என்பார்.
மூவாயிரத்து நானூறு மில்லி.
"பரவால்ல. சனிக்கிழமைதானே."

ஐந்தாம் சுற்று முடிந்து ஹட்டன் பஸ்ஸில் வந்தோம்.
கொண்டக்டர் பையன் முகம் தெரிந்து
டிக்கெட் வேண்டாம் என்றான்.
இவர் விடவில்லை. மிச்சக் காசை
மூன்று தரம் எண்ணினார்.
கினிகத்தேனையில் மழை. கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை.
திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்து
"லிந்துலை, லிந்துலை, இறங்கிறவங்க முன்னுக்கு வாங்க!"

முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள்.
கட்டி பேசியதா, இல்லை
தொலைத்ததைக் கண்டுபிடித்த சந்தோஷமா,
அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் பதினெட்டு நாள்.
"லிந்துலைக்கு ஆளில்லை" என்றேன்.
தலையாட்டினார்.
பிறகு விரல் முட்டியால் ஜன்னல் சட்டத்தில்
இரண்டு தட்டு:
போகலாம்.
இடது கையால் தட்டினார்.